மேல்வீட்டுச் சத்தம்: நேரில் கதையுங்கள், வட்ஸ்அப்பில் போடாதீர்கள்

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மேல்வீட்டார் இரவு 11 மணிக்கும் கதிரை இழுக்கிறார்கள், சொல்லப் பயம், லிஃப்டில் கண்டாலும் முகம் கொடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். கதிரைக் கால் உரசும் அதிர்வு கொங்கிரீட்டுக்குள்ளால் இறங்கி உங்கள் அறையில்தான் பெரிதாகக் கேட்கும். மேலே இருப்பவர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார்.

முதலில் லிஃப்டில் ஒரு சிரிப்பு, ஒரு சுகம் விசாரிப்பு. சில நாள் அது போதும். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் போங்கள். சத்தம் கேட்ட கையோடு படியேறினால் குரல் நடுங்கும், அவர்களும் பிள்ளைகளுக்கு முன்னால் இறங்கிவர மாட்டார்கள். "இரவு பத்துக்குப் பிறகு கதிரைச் சத்தம் கீழே கேட்குது அக்கா, விடிய வேலைக்குப் போகவேணும்" என்று அதை மட்டும் சொல்லுங்கள். பழைய கணக்கு எதையும் இழுக்க வேண்டாம். கதிரைக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டம் ஹார்ட்வெயார் கடையில் இருக்கும். கதிரைக்கு 4 வீதம் நீங்களே வாங்கிக் கொடுங்கள், அது நன்றாக வேலை செய்யும். தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். பத்துப் பேருக்கு முன்னால் அவமானப்பட்டவர் சமாதானத்துக்கு வருவது கஷ்டம்.

இரண்டு கிழமையிலும் மாறாவிட்டால் முகாமைத்துவக் குழு, அதற்குப் பிறகு உங்கள் பகுதி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்தச் சபை தீர்ப்புச் சொல்லாது, இரண்டு பகுதியையும் இருத்திக் கதைக்க வைக்கும்.