சுவரோரம் 12 அடி பாத்தி இருக்கிறது: பீர்க்கங்கொடி ஏற்றலாமா, அழகுப்புல் நடலாமா?

கேள்வியின் சாரம் இது: சுவரை ஒட்டி 12 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில். சுவர் மறைய வேண்டும், கண்ணுக்கும் நன்றாக இருக்க வேண்டும். பீர்க்கு ஏற்றுவதா, ஃபவுண்டன் கிராஸ் மாதிரி அழகுப்புல் வைப்பதா?

இந்த வெயிலில் பீர்க்கும் காய்க்கும், புல்லும் கதிர் விடும். ஆகவே அந்தப் பாத்திப் பக்கம் உங்களால் எத்தனை முறை போக முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பூக்கத் தொடங்கிய பீர்க்குக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ஆள் வேண்டும், அதுவும் மாலையில். வேர் பிடித்த புல்லுக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பெரிய வேலை. மாலையில் வீட்டில் இருப்பவர் என்றால் தயங்காமல் பீர்க்கு போடுங்கள். வாரக் கடைசியில் மட்டும்தான் தோட்டம் என்றால் புல்.

மறைப்பு என்று பார்த்தால் இரண்டுமே வருடம் முழுக்க உதவாது. விதை ஊன்றி ஏழெட்டு வாரத்தில் பீர்க்கு ஆறடி வலையை மூடிவிடும். ஆனால் நான்கு, ஐந்து மாதத்தில் கொடி ஓய்ந்து வெறும் வலை நிற்கும். புல் மூன்று முதல் நான்கு அடிதான் உயரும். ஆறடிச் சுவரின் மேல்பாதி தெரிந்துகொண்டேதான் இருக்கும். வெட்டிவிட்ட பிறகு ஒன்றரை, இரண்டு மாதம் பாத்தியே மொட்டையாகத் தெரியும்.

முதலில் பீர்க்கு. 12 அடிக்கு இரண்டு செடி போதும், ஆறடி இடைவெளியில். ஆசைப்பட்டு நான்கு வைத்தால் இலை இலையாக மூடி, உள்ளே காற்று போகாமல், இலையில் வெள்ளைப் பொடி படரும் சாம்பல் நோய் வரும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் 8 முதல் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் கலந்து நிரப்புங்கள். ஒரு வாரம் ஈரத்தோடு விட்டு, இரவு முழுக்க ஊறவைத்த விதையை 2 செ.மீ. ஆழத்தில் குழிக்கு மூன்றாக ஊன்றுங்கள். முளைத்து இரண்டு நிஜ இலை வந்ததும் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் ஆடும். இந்த வயதில் சிவப்பு நிற வண்டு வித்திலையை, அதாவது முளைத்ததும் முதலில் விரியும் இலையை, சல்லடையாக்கும். காலைக் குளிரில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்து சோப்புத் தண்ணீரில் போடுவதே போதும்.

வலையைச் சுவரில் ஒட்டி அடிக்காதீர்கள். ஒரு அடி தள்ளிக் கம்பம் நட்டால்தான் பின்பக்கம் கை போகும், சுவரின் சூடும் இலையைத் தாக்காது. மழையில் நனைந்த முழுக் கொடி காற்றைப் பாய்மரம் போல வாங்கும். ஆகவே கம்பம் இரண்டு அடியாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், மேலே குறுக்குக் கம்பி கட்டாயம். வலைக் கண் 15 செ.மீ. இருக்கட்டும். சின்னக் கண் என்றால் பிஞ்சு நுழைந்து மாட்டிக்கொண்டு நடுவில் இறுகிப்போகும்.

கொடி வலையின் உச்சியைத் தொடும்வரை கீழ் மூன்றடியில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். உச்சிக்கு வந்ததும் தலைக்கொழுந்தைக் கிள்ளுங்கள். அதற்குப் பிறகு மேலே பிரியும் பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும்.

இனிதான் பலரும் தடுமாறும் இடம். முதலில் ஆண் பூக்கள்தான் வரும், கொத்தாக. பூத்துப் பூத்து உதிரும். அதைப் பார்த்துப் பயந்து உரம் போட்டால், குறிப்பாக யூரியா மாதிரி தழைச்சத்து போட்டால், கொடி இன்னும் இலைதான் விடும். பொறுத்திருந்தால் அதே கணுவில் தனியாக ஒரு பெண் பூ வரும். காம்புக்கும் மொட்டுக்கும் நடுவில், வரம்புகளோடு, விரல் நீளத்துக்கும் குறைவான குட்டிப் பீர்க்கங்காய் இருந்தால் அது பெண். பீர்க்கு சாயங்காலத்தில் மலரும், ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள். அந்த நேரத்தில் தேனீ நடமாட்டம் குறைந்துவிடுகிறது. அந்துப்பூச்சி வராத இடமாக இருந்தால் பெண் பூவுக்கு மகரந்தமே கிடைக்காது. மூன்று, நான்கு நாளில் பிஞ்சு மஞ்சளாகி, நுனியிலிருந்து சுருங்கி விழும். சத்துக் குறைவு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் காரணம் மகரந்தம் சேராததே.

சரிசெய்வது சுலபம். ஆறரை மணி வாக்கில் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மூன்றாகப் பிரிந்த முடிச்சில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்குப் போதும். மாலை நேரம் கிடைக்காதவர்கள் பாகலோ, வரம்பில்லாத நுரைப் பீர்க்கோ போடலாம். அவை காலையில் மலரும், தேனீயே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த எதிரி பழ ஈ. பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். துளையில் ஒரு சொட்டுப் பிசின் உறைந்து நிற்பதுதான் அடையாளம். பிறகு காய் அந்த இடத்தில் வளைந்து, உள்ளே புழுவோடு அழுகும். புழு காய்க்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. மகரந்தம் சேர்த்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மெல்லிய துணிப் பையோ காகிதப் பையோ கட்டுவதே உருப்படியான வழி. பை ஒன்றரை அடி நீளம் இருக்கட்டும், காய் ஒரு வாரத்தில் ஒரு அடி நீண்டுவிடும். தாக்கிய காயைக் குப்பைக் குழியில் போடவே கூடாது. புழு வெளியே வந்து மண்ணில் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் சில நாள் வைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

சாம்பல் நோய்க்கு, நோய் வந்த கீழ் இலைகளைக் கிள்ளிவிடுவதோடு ஆரம்பியுங்கள். கந்தகத் தூளைக் கடும் வெயிலில் தூவினால் பீர்க்கு உள்ளிட்ட பூசணிக் குடும்பத்து இலைகள் கருகிப்போகும்.

பூ மலர்ந்து ஐந்து முதல் ஏழு நாளில் பறித்துவிட வேண்டும். வரம்பில் நகம் சுலபமாக இறங்கினால் சரியான பதம். விட்டால் நாரோடிவிடும். முற்றிய காய் கொடியில் தொங்கினால் புதுப் பெண் பூ வருவதும் குறையும். நறுக்கும்போது ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கடும் கசப்பு இருந்தால் அந்தக் காயைச் சமைக்காதீர்கள், அந்தக் கொடியில் விதையும் எடுக்காதீர்கள். அந்தக் கசப்புப் பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும்.

புல்லுக்கு வருவோம். இதில் முதல் வேலை சரியான வகையைக் கேட்டு வாங்குவது. பச்சை ஃபவுண்டன் கிராஸின் விதை காற்றில் பறந்து எங்கும் முளைக்கும். ஹவாயிலும் அரிசோனாவிலும் காட்டுத் தீக்குத் தீனியாகும் களையாக அது பரவிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-லேயே அதை ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இலை ஊதாச் சிவப்பாக இருக்கும் ரூப்ரம் வகை பெரும்பாலும் முளைக்கும் விதை வைக்காது, தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். நான் சொல்வது அதையே. கடும் பனி விழும் ஊர்களில் அது குளிரில் செத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாம்பாஸ் புல் இந்தப் பாத்திக்கு வேண்டாம். எட்டடிக்கு மேல் போகும், இலை விளிம்பு கையை அறுக்கும், பல நாடுகளில் அதுவும் களை.

இரண்டரை அடிக்கு ஒன்றாக ஐந்து தூர் வைக்கலாம். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். ஆழமாகப் போனால் தூர் அழுகும். குழிக்கு இரண்டு கைப்பிடி மக்கு உரம் போதும், பீர்க்குக்குப் போட்டதைப் போலப் போடாதீர்கள். சத்து மிஞ்சினாலும் நிழல் விழுந்தாலும் புல் தளதளவென்று வளர்ந்து, நடுவில் பிளந்து நாலாபக்கமும் சாய்ந்துவிடும். முதல் இரண்டு மாதம் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். அதற்குப் பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும்.

அந்த ஒரு நாள் வேலை இதுதான்: புதுத் துளிர் கிளம்புவதற்குச் சற்று முன் தூரை இடுப்பளவில் கயிற்றால் இறுகக் கட்டி, தரையிலிருந்து ஆறு அங்குலம் விட்டு வெட்டுங்கள். கட்டியிருப்பதால் மொத்தமும் ஒரே கட்டாகக் கையோடு வரும். தரையோடு வெட்டினால் துளிர் கிளம்பும் கணுக்களும் போய்விடும். தாமதித்தால் புதுத் துளிரின் நுனியும் வெட்டுப்பட்டு, அந்தப் பருவம் முழுக்கப் பழுப்பு முனையோடு நிற்கும். மூன்று வருடத்தில் தூரின் நடுப்பகுதி செத்து வளையமாகத் தெரியும். அப்போது தோண்டி, அரிவாளாலோ ரம்பத்தாலோ நான்காக அறுத்து, செத்த நடுவை எறிந்துவிட்டு, உயிருள்ள ஓரத் துண்டுகளை உடனே நடுங்கள். காய்ந்த தூர் சீக்கிரம் தீப்பிடிக்கும், ஆகவே அடுப்பு எரிக்கும் இடத்துக்கு அருகில் வேண்டாம்.

இரண்டும் வேண்டும் என்றால் முன்னால் புல், பின்னால் கொடி என்று வைக்காதீர்கள். 3 அடி அகலத்தில் புல்லின் சல்லி வேர் பீர்க்கின் தண்ணீரைக் குடித்துவிடும், கொடியின் கீழ்ப்பகுதிக்குக் காற்றும் தடைபடும். நீளவாக்கில் பிரியுங்கள்: எட்டடிக்கு வலை, அதில் ஒரே ஒரு பீர்க்கு, மீதி நான்கடியில் இரண்டு தூர். பீர்க்கங்குழி கடைசித் தூரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். தண்ணீரும் தனித்தனியாக விடுங்கள். காய்க்கும் கொடிக்கு வெயில் காலத்தில் நாள்தோறும் ஐந்து லிட்டர் வரை தேவைப்படும், அதே அளவு போனால் புல் சாயும். பீர்க்கு ஓய்ந்ததும் அதே குழியில் மறுபடி பூசணிக் குடும்பத்தைப் போடாமல், அதே வலையில் ஒரு பருவம் கொடி அவரை ஏற்றுங்கள்.