ஃபேன் சுற்றுகிறதா, சுவிட்ச் போட்டிருக்கிறதா? (கேள்வி பதில்)

ஆள் யார் என்பதோடு நிற்காமல், எங்கே, எப்போது, எந்த நிலைமையில் என்றும் பார்த்துக் கதவையும் கணினியையும் திறக்கும் முறைகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவி): 'ரோல்' (நர்ஸ், டாக்டர் என்ற பொறுப்பு) பார்த்து அனுமதி தந்தால் போதாதா சார்? சூழல் எதற்கு?

டியூட்டி முடிந்து பாகாயத்தில் வீட்டுக்குப் போன பிறகும் நர்ஸ் நர்ஸ்தானேம்மா. வார்டில் பார்த்த கேஸ் ஷீட்டை அவர் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து திறந்தால், ரோலை மட்டும் பார்க்கும் சிஸ்டம் ஏன் என்று கேட்காது. ஃபெராயோலோ, குன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ரோல் முறையை எழுதியது 1992-இல். 2001-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில், சென்சார் பொருத்திய ஒரு வீட்டை வைத்து ஆராய்ந்தவர்கள் நேரம், இடம் போன்ற நிலைமைகளுக்கும் ரோல் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று, சூழலுக்கு ஒன்று. இரண்டும் பொருந்தினால் அனுமதி.

கேள்வி (ராணிப்பேட்டை, தோல் ஷாப் சூப்பர்வைசர்): எங்கள் கெமிக்கல் ரூமுக்கு இதைப் போடலாமா?

போடலாம் சார், இதற்கு உண்மையான வேலை அங்கேதான். முடி நீக்கப் பயன்படுத்தும் சோடியம் சல்பைடில் ஆசிட் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வரும் என்பார்கள். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அதனால் கார்டு சரி, கேஸ் டிடெக்டர் சரி, எக்ஸாஸ்ட் ஓடுகிறது, மூன்றும் இருந்தால்தான் கதவு திறக்க வேண்டும்.

இதில் நானே ஒருமுறை அசடு வழிந்தேன். எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்பதை சுவிட்சிலிருந்து எடுத்திருந்தேன். சுவிட்ச் போட்டிருந்தது, மோட்டார் உறுமியது, பெல்ட் அறுந்திருந்தது. ஃபேன் அசையவில்லை, கதவோ தாராளமாகத் திறந்தது. ஹெல்ப்பர் ஒருவர் ஃபேன் முன்னால் இருக்கும் கம்பி வலையில் பேப்பர்த் துண்டை வைத்து, "காத்து இழுக்கலியே சார்" என்றார். இப்போது காற்றோட்டத்தையே அளக்கும் சென்சார் வைக்கிறேன். சூழல் என்று சிஸ்டம் நம்புவது எல்லாம் சாட்சிதான். நேரில் பார்த்த சாட்சியா, கேள்விப்பட்டதா, எத்தனை நிமிடம் பழசு என்று விசாரியுங்கள்.

இன்னொன்று: இந்த நிபந்தனை எல்லாம் உள்ளே போக மட்டும். வெளியே வருகிறவரிடம் கதவு எதுவும் கேட்கக் கூடாது.

கேள்வி (குடியாத்தம்): ஆள் இடத்தில் இருக்கிறார் என்பதற்கு போன் லொகேஷன் போதுமா?

போதாது. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன் போய்ப் பொய்யான இடத்தைக் காட்டலாம். வீட்டில் படுத்துக்கொண்டே வேலூர் கோட்டை வாசலில் நிற்கலாம்! மாறாத எண்ணை அனுப்பும் புளூடூத் பீக்கனையும் (இடத்தைக் காட்ட மாட்டி வைக்கும் சிறு சிக்னல் கருவி) நகல் எடுத்துவிடலாம். போனோடு, கதவருகே தட்டும் கார்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி (வேலூர், டாக்டர்): உயிர் போகிற நேரத்தில் சிஸ்டம் மறுத்தால்?

மறுக்கக் கூடாது டாக்டர். 'கண்ணாடியை உடை' என்று ஒரு வழி வைப்பது வழக்கம்: காரணத்தை ஒரு வரி தட்டினால் பதிவு திறக்கும், யார், எப்போது என்று குறிப்பு விழும். மறுநாள் காலை அந்தக் குறிப்பைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் போடாமல் வசதியை மட்டும் வைத்தால், ஒரு மாதத்தில் எல்லோரும் அந்த வழியாகவே போவார்கள்.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனி தொழிலாளி): நாள் முழுக்க எங்களைப் பின்தொடருமா?

தேவையில்லை அண்ணே. கதவுக்கு வேண்டியது 'இங்கே இருக்கிறாரா' என்பதற்கு ஆம், இல்லை மட்டும். டீக்கடைக்குப் போன வழி அதற்கு எதற்கு? சேமிக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி (ஆரணி): கரண்ட் போனால்?

காந்தப் பூட்டு திறந்துகொள்ளும். வேறு சில பூட்டுகள் பூட்டியபடியே நிற்கும். எந்த அறைக்கு எது என்று வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். அப்புறம், சாதாரண சாவி ஒன்று வாட்ச்மேனிடம் இருக்கட்டும், எடுப்பவர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு.