ஆனோடு, கேத்தோடு, சயன்டிஸ்ட் ஆகிய சொற்களை உருவாக்கியவர் ஒரு பாதிரியாராமே, உண்மையா? அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்

உண்மைதான். அவர் பெயர் வில்லியம் ஹியூவல். ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார். 1841 முதல் 1866இல் இறக்கும் வரை கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் தலைவர். நான் தமிழ்வழி மாணவர்களுக்கு வேதியியல் எடுப்பவன். மின்வேதியியல் பாடம் வந்தாலே இவர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கரும்பலகைப் பக்கம் திரும்புவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1834இல் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மின்பகுப்பு ஆய்வில், அதாவது கரைசலுக்குள் மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் ஆய்வில், இருந்தார். மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் அவருக்குப் பெயர் தேவைப்பட்டது. அதுவரை 'துருவம்' என்றார்கள். துருவம் என்றால் ஏதோ இழுக்கிறது என்று பொருள் வந்துவிடும். அவர் அதை ஏற்கவில்லை. மின்சாரம் உண்மையில் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே அன்று உறுதியாகத் தெரியாது. நாளைக்குக் கொள்கை மாறினாலும் பெயர் பொய்யாகிவிடக் கூடாது என்று நினைத்தார். ஃபாரடே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகி வளர்ந்தவர், கிரேக்கம் படித்ததில்லை. ஹியூவலுக்குக் கடிதம் எழுதினார்.

மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போவதாக வைத்துக்கொள்வோம் என்பது ஃபாரடேயின் யோசனை. அப்படியானால் அது நுழைவது சூரியன் எழும் பக்கம், வெளியேறுவது சூரியன் விழும் பக்கம். ஹியூவல் இதைப் பிடித்துக்கொண்டார். கிரேக்கத்தில் 'அனா' என்றால் மேலே, 'கட்டா' என்றால் கீழே, 'ஹோடோஸ்' என்றால் வழி. ஏறுவழி ஆனோடு, இறங்குவழி கேத்தோடு. கரைசலுக்குள் நகர்ந்து போவதற்கு, 'போவது' என்ற பொருளில், அயான். நாம் அயனி என்கிறோமே, அதேதான்.

இங்கே என் ஆதங்கம் ஒன்று. தமிழில் ஆனோடை நேர்மின்வாய் என்று சொல்லிக்கொடுக்கிறோம். மின்பகுப்பில் அது சரி. ஆனால் துத்தநாகமும் தாமிரமும் வைத்து மின்சாரம் உண்டாக்கும் டேனியல் மின்கலத்தில் துத்தநாகத் தகடுதான் ஆனோடு, அதன் குறியோ எதிர். "நேர்மின்வாய் எப்படி சார் எதிர்க்குறி ஆகும்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். கேள்வி நியாயமானது. பெயருக்குள் குறியைப் போட்டுவிட்டோம். ஃபாரடேயும் ஹியூவலும் கவனமாகத் தவிர்த்தது அதைத்தான். சூரியன் எழும் பக்கம், விழும் பக்கம் என்ற பொருளில் எழுவாய், படுவாய் என்ற மாதிரி ஏதாவது வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

சயன்டிஸ்ட் என்ற சொல் பிறந்தது 1833இல், கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் தங்களைத் தத்துவஞானிகள் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று கவிஞர் கோல்ரிட்ஜ் ஆட்சேபித்தார். கலைஞரை ஆர்ட்டிஸ்ட் என்பதுபோல சயன்டிஸ்ட் எனலாமே என்றார் ஹியூவல். மறு ஆண்டு மேரி சோமர்வில் எழுதிய நூலுக்கு மதிப்புரை எழுதும்போது அதை அச்சிலும் ஏற்றினார்.

அவர் லான்காஸ்டர் ஊரில் ஒரு தச்சருக்கு 1794இல் பிறந்த மகன். தச்சுத் தொழிலுக்கே போயிருக்க வேண்டியவர். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பையனின் அறிவைப் பார்த்து, தகப்பனாரிடம் பேசி, சம்பளம் வாங்காமல் படிக்க வைத்தார். அப்புறம் உதவித்தொகையில் டிரினிட்டி, 1816இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாம் இடம். ஆசிரியர் வேலையில் இருக்கும் எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பெயர் வைத்ததோடு நின்றவர் இல்லை. 1835 ஜூனில் ஒன்பது நாடுகளின் கடற்கரைகளில், 650க்கும் மேற்பட்ட இடங்களில், ஒரே சமயத்தில் கடலின் ஏற்றவற்றத்தை அளக்க வைத்தார். அளந்தவர்களில் பலர் கடலோரக் காவலர்கள். அந்தக் கணக்குகளை வைத்து, வட கடலின் நடுவில் நீர் ஏறவும் இறங்கவும் செய்யாத ஓர் இடம் இருக்க வேண்டும் என்றார். 1840இல் ஹூவெட் என்ற கப்பல் தலைவர் அங்கே போய் அளந்து, நீர்மட்டம் அநேகமாக அசையவில்லை என்று உறுதிசெய்தார். அதே ஆண்டு நவம்பர்ப் புயலில் அவருடைய கப்பல் ஆட்களோடு மூழ்கிவிட்டது.

கல்லூரித் தலைவராக அவர் கெடுபிடியான ஆள். மாணவர்களுக்கு அவரிடம் பயம்தான் அதிகம். ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர்களுக்குப் பட்டம் தருவதை எதிர்த்தார். தச்சர் மகனுக்குத் திறந்த கதவை அவர் அப்படி மூட நினைத்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் இயற்கை அறிவியலைத் தனிப் பட்டப்பாடமாகக் கேம்பிரிட்ஜில் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். தன் பணத்தில் மாணவர் விடுதி கட்டினார். நாடுகளுக்கிடையே போரைக் குறைத்து, கடைசியில் இல்லாமலே ஆக்க வழி தேட வேண்டும் என்று உயில் எழுதி, சர்வதேசச் சட்டத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியும் ஏற்படுத்தினார்.

1866 பிப்ரவரியில் குதிரையிலிருந்து விழுந்தார். மார்ச் 6ஆம் தேதி இறந்தார். கடைசி நாள் காலை, கல்லூரியின் பெரிய முற்றத்தில் வெயில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னல் திரைகளை விலக்கச் சொன்னாராம்.