ஜாய்ஸ்டிக் சொருகினால் புளூ ஸ்கிரீன்: கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில் சிஸ்டம் சர்வீஸ் செய்கிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து ஜாய்ஸ்டிக் சம்பந்தமாகத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, புது ஜாய்ஸ்டிக் சொருகி கேம் ஆடினா பத்து நிமிஷத்துல புளூ ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆயிடுது. கடையில ரேம் போச்சுன்றாங்க. மாத்திடவா?

பொறு தம்பி, இப்போதே காசைப் போடாதே. சாதாரண புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும்தான் மூடிக்கொள்ளும். டிரைவர், அதாவது ஜாய்ஸ்டிக் மாதிரி சாமானை விண்டோஸோடு பேசவைக்கும் புரோகிராம், அப்படியில்லை. அது பெரும்பாலும் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே தொடக்கூடாத மெமரியைத் தொட்டுவிட்டால், இருக்கிற டேட்டாவும் கெட்டுவிடக் கூடாதென்று விண்டோஸே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அப்போது வருவதுதான் புளூ ஸ்கிரீன்.

அடுத்த முறை வந்தால் போனில் ஒரு போட்டோ எடு. 'ஸ்டாப் கோட்' என்று ஒரு வரி இருக்கும். சில நேரம் அதற்கடியில் ஒரு ஃபைல் பெயரும் வரும். தவறவிட்டாலும் பரவாயில்லை. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்று ஒன்று உண்டு, கிராஷ்கள் பெரும்பாலும் அங்கே பதிவாகும். புளூஸ்கிரீன்வியூ என்கிற இலவச புரோகிராமில் அதைத் திறந்து பார். ஒவ்வொரு முறையும் விண்டோஸுக்குச் சொந்தமில்லாத ஒரே ஃபைல் நின்றால், டிரைவர்தான். தடவைக்கு ஒரு ஃபைல், தடவைக்கு ஒரு கோட் என்று மாறினால் அப்போது ரேமைச் சந்தேகப்படு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகு மாற்று.

காட்பாடியிலிருந்து ஒரு பையன் சிபியுவைப் போர்வையில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தான். ரேம் மாற்றியாயிற்று, ரெண்டு தடவை ஃபார்மட்டும் ஆயிற்று. மினிடம்பில் ஐந்து பதிவு, ஐந்திலும் ஒரே பெயர்: ஜாய்ஸ்டிக் டப்பாவில் வந்த சிடியிலிருந்து ஏறிய டிரைவர். ஃபார்மட் முடிந்ததும் முதல் வேலையாக அந்த சிடியைத்தான் திரும்பப் போட்டிருக்கிறான். அவன் அப்பா ரேமுக்குக் கொடுத்த காசை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

ஆற்காட்டிலிருந்து ஒரு அக்கா: பையன் அந்த சாஃப்ட்வேரை எடுத்துட்டான் தம்பி. அப்பவும் கிராஷ் ஆவுது.

சாஃப்ட்வேர் போனாலும் டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் அக்கா. ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, சிஸ்டத்தில் உள்ள சாமான்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். வியூ மெனுவில் மறைந்திருக்கும் டிவைஸ்களையும் காட்டும்படி வைத்தால், ஜாய்ஸ்டிக்கின் பெயர் மங்கலாகத் தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று சின்னக் கட்டம் ஒன்று கேட்கும். அதில் டிக் போட வேண்டும். முக்கால்வாசிப் பேர் விடுகிற இடம் இதுதான். முடித்து ரீஸ்டார்ட்.

வாணியம்பாடியிலிருந்து: சிடி போடலைனா ஜாய்ஸ்டிக் எப்படி வேலை செய்யும் சார்?

எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் 2005இல் வந்தபோது ஜாய்ஸ்டிக் விண்டோஸோடு பேசக் கூடவே வந்த முறை எக்ஸ்இன்புட். அந்த முறையில் பேசும் ஜாய்ஸ்டிக்குகளுக்கான டிரைவர் விண்டோஸ் 10, 11இல் ஏற்கெனவே இருக்கிறது, சொருகினால் போதும். லாஜிடெக் எஃப்310 மாதிரி சிலவற்றின் பின்பக்கம் எக்ஸ், டி என்று சுவிட்ச் இருக்கும். எக்ஸ் பக்கம் தள்ளுங்கள். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் என்றால் கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் புரோகிராமே அதைப் புரிந்துகொள்ளும்.

ஆம்பூரிலிருந்து: அண்ணா, டெஸ்க்டாப் வர்றதுக்குள்ளயே புளூ ஸ்கிரீன்.

ரெண்டு மூன்று முறை தொடர்ந்து இப்படி ஆனால் ரிப்பேர் திரை தானாக வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, எண் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே போய் மேலே அக்காவுக்குச் சொன்னதைச் செய்.

காந்தி நகரிலிருந்து: பழைய டிரைவர் ஏற 'மெமரி இன்டெக்ரிட்டி'யை ஆஃப் பண்ணச் சொல்லி வீடியோ பார்த்தேன். பண்ணலாமா?

வேண்டாம். கெர்னலுக்கு விண்டோஸ் போட்டிருக்கும் காவல் அது. அதை எடுத்துவிட்டு ஏற்ற வேண்டிய டிரைவர் உங்களுக்குத் தேவையே இல்லை.

ராணிப்பேட்டையிலிருந்து: புளூ ஸ்கிரீனே வரல, ஆடிட்டு இருக்கும்போதே பொட்டுனு ஆஃப் ஆயிடுது. ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41னு இருக்கு.

ஈவென்ட் வியூவர் என்பது சிஸ்டத்தில் நடந்ததை விண்டோஸ் பதிந்துவைக்கும் இடம். அதில் 41 என்றால் முறையாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் நின்று மறுபடி ஏறியது என்று மட்டும்தான் அர்த்தம். காரணத்தை அது சொல்லாது. அந்தப் பதிவில் பக்செக் கோட், அதாவது ஸ்டாப் கோடின் எண், பூஜ்யமாக இருந்தால் டிரைவரை விட்டுவிட்டு சூட்டைப் பாருங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில், தூசி அடைத்த ஃபேனோடு சிபியு தாங்காது. கேபினைத் திறந்து, சூட்டை இறக்கும் ஹீட்சிங்கின் தூசியை பிளோயரில் ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஆஃப் ஆனால், சிஸ்டத்துக்குக் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.