வாசகர் கேள்வி பதில்: உழைப்பு யாருடையது, காணி உறுதி யார் பெயரில்?

கேள்வி: போருக்குப் பிறகு எங்கள் ஊரில் பல வீடுகளில் பெண்கள்தான் வயலையும் பார்த்து, கடனையும் கட்டுகிறார்கள். ஆனாலும் கமக்காரர் கூட்டத்தில் அவர்கள் பேச்சு எடுபடுவதில்லை. எந்தக் கோட்பாட்டால் இதை விளக்கலாம்?
- உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: பாடக்குறிப்புகளில் முதலில் வருபவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கொட் பார்சன்ஸ். ஆண் உழைத்துக் கொண்டுவருவான், பெண் வீட்டாரின் மனதைத் தாங்குவாள், இந்தப் பிரிப்பால்தான் குடும்பம் நிலைக்கிறது என்றார். 1950களின் அமெரிக்கக் குடும்பம் அவர் கண்முன் இருந்தது. உங்கள் ஊரில் உழைக்கும் ஆள் மாறியும் அதிகாரம் கைமாறவில்லை. அதற்கு அவரிடம் விடை கிடையாது.

பிரித்தானியச் சமூகவியலாளர் சில்வியா வால்பி 1990இல் தந்த விளக்கத்தைப் பிடியுங்கள். வீட்டு உழைப்பு, கூலிவேலை, அரசு, வன்முறை, பாலுறவு, பண்பாடு என்று ஆறு இடங்களில் ஆணாதிக்கம் வேர்விட்டிருக்கிறது என்பது அவர் வாதம். ஒன்று அறுந்தாலும் மற்றவை விடா.

வன்னியில் அரசு என்றால் முதலில் காணிதான். குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அரசின் அனுமதிப்பத்திரத்தில் காணி வைத்திருப்பவர், தனக்குப் பின் அதைப் பெறும் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால், பிள்ளைகளுக்குள் மகனே முந்துவான் என்றிருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. உறுதி எழுதிய தனியார் காணி என்றால் வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை குறுக்கே வரும்: சீதனக் காணியைக்கூட மனைவி விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்கும் இடமே தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். கையெழுத்துக்கு அதிகாரமில்லாதவள் பேச்சை யார் கணக்கெடுப்பார்? பரீட்சையில் இந்த உதாரணத்தையே எழுதுங்கள்.

கேள்வி: செயற்திட்டத்துக்காக வீட்டுவேலை பற்றிக் கேட்டால் பெண்கள் “சும்மாதான் இருக்கிறன்” என்கிறார்கள். எப்படி அளப்பது?
- ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: “என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டால் அப்படித்தான் வரும். “விடிய 5 மணிக்கு எங்கே நின்றீர்கள், கையில் என்ன இருந்தது?” என்று தொடங்கி, படுக்கும்வரை அரை மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். உலையும் கொதிக்க, பிள்ளைக்குப் பாடமும் சொன்னால் இரண்டையும் பதிய வேண்டும். பெரும்பாலும் தவறிப்போவது இந்த இரண்டாவது வேலைதான். பாடசாலை நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று என இரண்டு நாளுக்கு இப்படி எழுதுங்கள். கணவன் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், மணிக்கணக்கு சுருங்கிவிடும். பிரித்தானியச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளைக் கேட்டபோது வாரச் சராசரி 77 மணித்தியாலம் வந்தது. உங்கள் எண்ணை அதோடு ஒப்பிடலாம், ஆனால் அங்கே விறகும் கிணறும் இல்லை.

கூலியையும் கேட்பதானால், கச்சான் பிடுங்கியது நாட்கூலிக்கா மூட்டைக் கணக்குக்கா என்று பிரித்து எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் ஆண், பெண் கூலி வித்தியாசம் மறைந்துபோகும்.