'டிமிட்' என்றால் ராஜினாமாவா? கேள்வி பதில்

கே: உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி 'டிமிட்ஸ் ஆபீஸ்' என்று ஆங்கிலப் பேப்பரில் வந்திருக்கிறதே, ராஜினாமா செய்துவிட்டாரா?

ப: இல்லை, 65 வயது முடிந்து வீட்டுக்குப் போகிறார். சொல்லின் பழைய பொருள் ராஜினாமாதான், ஆனால் நம் ஊர் ஆங்கிலப் பேப்பர்களில் காலம் முடிந்து இறங்குவதும் டிமிட், பாதியில் உதறுவதும் டிமிட். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பதறாதீர்கள்.

கே: எங்கிருந்து வந்தது சார்?

ப: லத்தீனில் 'டிமித்தெரே' என்றால் விலக்கி அனுப்புவது. பிரெஞ்சு வழியாக வந்து (அங்கே இன்றும் ராஜினாமாவுக்கு 'டெமிஸியோன்') ஸ்காட்லாந்தில் நன்றாக வேர் பிடித்தது. 1567 ஜூலை 24 அன்று ஏரி நடுவே லாக்லெவன் கோட்டையில், கரு கலைந்து படுத்திருந்த ராணி மேரியிடம் முடி துறப்புக்குக் கையெழுத்து வாங்கினார்களே, அதற்கு அங்கே 'டிமிஷன்' என்று பெயர். ஐந்தே நாளில் அவருடைய 13 மாதக் குழந்தை ஜேம்ஸுக்கு ஸ்டெர்லிங்கில் முடிசூட்டிவிட்டார்கள். டிஸ்மிஸும் இதே லத்தீன் வேர்தான். மேரி தானாகப் போனாரா, துரத்தினார்களா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் போதகர்கள் சபைப் பொறுப்பை விடுவதற்கு இன்றும் டிமிட் என்றுதான் சொல்கிறார்கள்.

கே: என் ராஜினாமா கடிதத்தில் போடலாமா?

ப: வேண்டாம். ஹெச்.ஆர். 'சப்மிட்' என்பதைத் தப்பாக அடித்துவிட்டதாக நினைப்பார்.

கே: ஈமெயிலில்?

ப: மேலே பாருங்கள்.

கே: ராஜினாமா என்பது ராஜாவுக்கு நாமம் போட்டுவிட்டுக் கிளம்புவதுதானே?

ப: சிரித்துவிட்டேன், ஆனால் இல்லை. பாரசீகம் வழியாக வந்தது. 'ராஸி' என்றால் சம்மதம், 'நாமா' என்றால் கடிதம். இந்தியில் ராஸிநாமா என்றால் சமரசப் பத்திரம், ராஜினாமாவுக்கு 'இஸ்தீஃபா' என்பார்கள்.

கே: ராஜா சமஸ்கிருதம், நாமம் சமஸ்கிருதம். பாரசீகத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

ப: ஒலி ஒத்திருப்பதை வைத்து வேர் தோண்டாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? கோர்ட்டில் கேஸ் ராஜியாகிவிட்டது என்கிறோமே, அங்கே எந்த ராஜா வந்தார்?

கே: ராஜா முன்னால் பஞ்சாயத்து நடந்திருக்கலாம்.

ப: நடந்திருக்கலாம். அப்படியானால் ஜமீன் முன்னால் கொடுத்ததுதான் ஜாமீன் என்றும் எழுதிவிடுங்கள். அடுத்த கேள்வி.

கே: சப்மிட், பெர்மிட், கமிட் எல்லாம்?

ப: பங்காளிகள். எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது 'மித்தெரே', அனுப்பு.

கே: ரிலீவிங் லெட்டரிலாவது டிமிட் என்று போட்டுத் தரச் சொல்லலாமா?

ப: முதலில் ரிலீவிங் லெட்டரை வாங்குங்கள்.