கேள்வி – பதில்: பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான்

2023-ஆம் ஆண்டு சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் மலேசிய நடிகை மிஷேல் இயோவின் பெயர் வந்தபோது, ‘தம்மை ஆசியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்களில் இவரே முதல்வர்’ என்று ஏடுகள் எழுதின. ‘வெளிப்படையாக’ என்ற சொல் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குச் சென்ற இதழில் ‘மெர்ல் ஓபரானுக்காக’ என்று ஒரே வரியில் பதில் அளித்திருந்தோம். அவர் 1935-ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக அதே பட்டியலில் இடம்பெற்றும், தம் ஆசியப் பிறப்பை மறைத்தே வாழ்ந்த ஹாலிவுட் நடிகை. அந்த ஒரு வரி பலருக்குப் போதவில்லை. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: மெர்ல் ஓபரான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று என்னிடமுள்ள பழைய சினிமாப் புத்தகம் சொல்கிறது. நீங்கள் இந்தியர் என்கிறீர்களே, எது சரி? – திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்கள் புத்தகத்தைக் குறை சொல்வதற்கில்லை. அவர் உயிரோடிருந்த காலம் முழுவதும் உலகம் நம்பியது அதைத்தான். பெரிய இடத்துக் குடும்பம், ஹோபர்ட் நகரத்துப் பிறப்பு, பிறப்புப் பதிவுகள் தீயில் எரிந்துபோயின என்ற விளக்கம் என எல்லாமே ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவு சமைத்துத் தந்தவை. உண்மையில் அவர் 1911 பிப்ரவரி 19 அன்று பம்பாயில் பிறந்தவர். இயற்பெயர் எஸ்டெல் மெர்ல் ஓப்ரையன் தாம்சன். அதே ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடன் இந்தியாவுக்கு வந்த மேரி ராணியின் நினைவாக வீட்டில் அவரைக் ‘குவீனி’ என்று அழைத்தார்கள். ஆங்கிலேயத் தந்தை முதல் உலகப் போரின்போது இறந்துவிட, 1917-இல் குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. அங்கே லா மார்ட்டினியர் பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. ஆனால் கலப்பினத்துப் பெண் என்ற ஏளனம் தாங்காமல் பாதியிலேயே நின்றுவிட்டார். பிறகு தொலைபேசி இணைப்பகத்தில் வேலை, கல்கத்தா அமெச்சூர் நாடகக் குழுவில் சிறு வேடங்கள். 1920-களின் இறுதியில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்.

லண்டனில் இரவு விடுதி ஒன்றில் உபசரிப்புப் பெண்ணாகவும் படங்களில் துணை நடிகையாகவும் காலம் தள்ளியவரைக் கண்டெடுத்தவர் படத் தயாரிப்பாளரும் இயக்குநருமான அலெக்சாண்டர் கோர்டா. 1933-இல் வெளிவந்த ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்த்’ படத்தில் மன்னரின் இரண்டாம் மனைவியான ஆன் பொலீனாக, சிரச்சேதத்துக்குப் போகும் ராணியாகச் சில நிமிடங்களே வந்தார்; அந்தச் சில நிமிடங்கள் போதுமானவையாக இருந்தன. மெர்ல் ஓபரான் என்ற பெயரும் டாஸ்மேனியக் கதையும் இந்தக் காலத்தில்தான் அவருக்குச் சூட்டப்பட்டன. சூட்டிய கோர்டாவே ஹங்கேரியில் ஷாண்டோர் கெல்னராகப் பிறந்து, பெயரை மாற்றிக்கொண்டு, பின்னாளில் பிரிட்டிஷ் சர் பட்டமும் பெற்ற யூதர். வேறொருவராகிக் காட்டும் கலையில் அவர் புதியவர் அல்லர்.

கேள்வி: அவருடைய தாய் இலங்கையைச் சேர்ந்தவர் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆதாரம் உண்டா? – யாழ்ப்பாணம் வாசகி

பதில்: உண்டு, ஆனால் ‘தாய்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. மெர்ல் தன் தாய் என்று அறிந்திருந்த சார்லட் செல்பி இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண்மணி. அவருடைய முன்னோரில் நியூசிலாந்துப் பழங்குடியினரான மவோரி இனத்தவரும் இருந்ததாகச் சொல்வர். மெர்லைப் பெற்றவரோ சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். அவர் சிறுமியாக இருந்தபோதே பெற்ற குழந்தை என்பதால், ஊர் வாய்க்கு அஞ்சிய பாட்டி, பேத்தியைத் தன் மகளாகவே வளர்த்தார். கான்ஸ்டன்ஸ் அக்காள் என்று சொல்லப்பட்டார். கான்ஸ்டன்ஸுக்குப் பின்னர் திருமணமாகி வேறு பிள்ளைகளும் பிறந்தனர். அவர்களில் கனடாவில் குடியேறிய மகன் ஒருவர் பம்பாய் அரசுப் பதிவேட்டில் மெர்லின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, சித்தி என்று தாம் நினைத்திருந்தவர் தம் அக்காள் என்பதை அறிந்து, லாஸ் ஏஞ்சலிஸுக்கே போய்ப் பார்க்க முயன்றார். மெர்ல் அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார்.

சார்லட்டின் கதை இன்னும் கசப்பானது. மகளுடன் லண்டனுக்குப் போன அந்த அம்மாளின் நிறம் வெள்ளைக்காரக் கதைக்குப் பொருந்தவில்லை. விருந்தினர் வரும் வேளைகளில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று. பெற்ற பிள்ளையைப்போல் தாம் வளர்த்த பெண்ணின் நண்பர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். 1937-இல் அவர் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து அவருடைய உருவப்படத்தை வரையச் செய்த மெர்ல், முகத்தின் நிறத்தை வெளிறியதாக மாற்றித் தரும்படி ஓவியரிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் படம் அவர் வாழ்ந்த வீடுகளிலெல்லாம் தொங்கியது.

கேள்வி: பெற்ற தாய்நாட்டையும் வளர்த்த தாயையும் மறைத்தவரை இவ்வளவு பாராட்டுவது சரியா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்தானே? – மதுரை வாசகர்

பதில்: சார்லட் விஷயத்தில் உங்கள் கோபத்தோடு எமக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

1917-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்தியா உள்ளிட்ட பெரும்பகுதி ஆசியாவையே ‘தடை செய்யப்பட்ட மண்டலம்’ ஆக்கியது. 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் ‘வெள்ளையர்’ என்ற சொல்லில் அடங்க மாட்டார்கள், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல்தான் ஆண்டுக்கு நூறு இந்தியர்கள் என்ற கணக்கில் கதவு சிறிது திறந்தது. திரையிலோ, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள் வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டுவதைத் தடுத்தன. ஆசியர்கள் விஷயத்திலும் ஸ்டூடியோக்கள் அந்த விதியை நீட்டிப் பிடித்துக்கொண்டன. லாஸ் ஏஞ்சலிஸிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்கு, சீனக் குடியானவப் பெண்ணை மையமாகக் கொண்ட ‘தி குட் எர்த்’ படத்தில் அந்தப் பெண் வேடம் கிடைக்கவில்லை. கண்ணை மேக்கப்பால் மாற்றிக்கொண்ட ஐரோப்பிய நடிகை லூயிஸ் ரெய்னர் அதில் நடித்து ஆஸ்கர் வாங்கினார். இந்தச் சட்டங்களும் விதிகளும் மெர்லின் தலையில் எப்படி விழுந்திருக்கும் என்பது வேறு விவாதம். ஆனால் லட்சக்கணக்கான டாலர்களைக் கொட்டிப் படமெடுக்கும் எவரும் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அவருடைய முதல் ஆண்டுகளின் படங்களே இதற்குச் சாட்சி. 1934-இல் ‘தி பேட்டில்’ படத்தில் ஜப்பானியப் பிரபுவின் மனைவி, அதே ஆண்டில் ‘தி ஸ்கார்லெட் பிம்பர்நெல்’ படத்தில் பிரெஞ்சுப் பெண் என்று அயல்நாட்டுச் சாயல் வேடங்களே அவருக்கு வந்துகொண்டிருந்தன. அமெரிக்கத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், 1935-இல் ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்தில் அந்தச் சாயலை முற்றிலும் துடைத்துவிட்டு அவரை இங்கிலாந்துக் கிராமத்து நற்குடிப் பெண்ணாக்கினார். அந்த வேடத்துக்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பரிசு பெட்டி டேவிஸுக்குப் போயிற்று. வெள்ளைக்காரியாக நடித்ததால்தான் பட்டியலில் இடம் என்னும்போது, உண்மையைச் சொல்லும் நாள் அவருக்கு எப்போதுதான் வந்திருக்கும்?

கேள்வி: ஒளிப்பதிவு பயிலும் மாணவன் நான். ‘ஓபி லைட்’ என்ற பெயர் இவரிடமிருந்து வந்ததாக ஆசிரியர் சொன்னார். எப்படி? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரி, ‘ஓபி’ என்பது ஓபரானின் சுருக்கம். 1937-இல் ‘ஐ, கிளாடியஸ்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் அவருடைய கார் விபத்துக்குள்ளாகி முகத்தில் காயம் ஏற்பட்டது. படமும் அத்துடன் கைவிடப்பட்டது. (எடுத்தவரை எஞ்சிய துண்டுகளைக் கொண்டு பிபிசி 1965-இல் ஓர் ஆவணப்படம் தயாரித்தது. சார்ல்ஸ் லாட்டனின் நடிப்புக்காகவே அதைத் தேடிப் பார்க்கலாம்.) விபத்துத் தழும்புகள் போதாதென்று, 1940-இல் ஒவ்வாமையினால் தோல் மேலும் கெட்டது, அதற்குச் செய்த சிகிச்சையும் சிறு குழிகளை விட்டுச் சென்றது.

1944-இல் ‘தி லாட்ஜர்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த லூசியன் பல்லார்ட் இதற்கு ஒரு வழி கண்டார். சுவர்ப் பூச்சின் மேடு பள்ளத்தைப் பார்க்கக் கொத்தனார் விளக்கைச் சுவரோரம் சாய்த்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டு ஒளியில் கடுகளவு பள்ளமும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அதே விளக்கைக் கண்ணை ஒட்டிச் சுவருக்கு நேராகப் பிடித்தால் நிழல் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், சுவர் வழவழப்பாகத் தெரியும். பல்லார்ட் செய்தது இரண்டாவதை. லென்ஸை ஒட்டினாற்போல் காமிராவின் மீதே ஒரு சிறு விளக்கைப் பொருத்தி, நடிகையின் முகத்துக்கு நேரே மென்மையான ஒளியைப் பாய்ச்சினார். மற்ற விளக்குகள் காட்சிக்கு வேண்டிய இருளையும் வெளிச்சத்தையும் தர, இந்தச் சிறு விளக்கு தழும்புகளின் நிழலை மட்டும் கரைத்துவிட்டது. கூடவே கண்களில் ஒரு மினுக்கத்தையும் சேர்த்தது. மேக்கப்பைப்போல் முகத்தில் எதையும் பூசாமல், பார்க்கும் இடத்திலிருந்தே மறைக்கும் உத்தி இது. அடுத்த ஆண்டு மெர்ல், பல்லார்டையே மணந்துகொண்டார். திருமணம் நான்கு ஆண்டுகளே நீடித்தது. விளக்கின் பெயர் இன்னும் நீடிக்கிறது.

கேள்வி: அவருக்கு எத்தனை திருமணங்கள்? – சேலம் வாசகி

பதில்: நான்கு. கோர்டா (1939–45), பல்லார்ட் (1945–49), மெக்சிகோவில் வாழ்ந்த இத்தாலியத் தொழிலதிபர் புருனோ பாலியாய் (1957–73), டச்சு நடிகர் ராபர்ட் வோல்டர்ஸ் (1975 முதல் இறுதிவரை). வோல்டர்ஸ்தான் பின்னாளில் ஆட்ரி ஹெப்பர்னின் கடைசிக் காலத் துணைவர்.

கேள்வி: விவியன் லீக்கும் இவருக்கும் பகை என்கிறார்களே? – புதுச்சேரி வாசகர்

பதில்: பகை என்பதைவிட, ஒரு வேடம் குறுக்கே வந்தது என்று சொல்லலாம். 1939-இல் வில்லியம் வைலர் இயக்கிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்தின் நாயகன் லாரன்ஸ் ஒலிவியே, தன் காதலி விவியன் லீயே கதாநாயகி கேத்தியாக வேண்டுமென்று விரும்பினார். கோல்ட்வின் மெர்லைத்தான் போட்டார். படப்பிடிப்பில் ஒலிவியேவும் மெர்லும் ஒத்துப்போகவில்லை. இழந்த விவியன் லீயோ, காதலரைப் பார்க்க அமெரிக்கா போன இடத்தில் ‘கான் வித் த விண்ட்’ படத்தின் ஸ்கார்லெட் வேடத்தைப் பெற்றார். நட்டம் யாருக்கு என்பதை நீங்களே கணக்கிடலாம். அவரும் இந்தியாவில், டார்ஜிலிங்கில் பிறந்தவர். பிறந்த ஊரைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்தில் எமக்கு வியப்பூட்டுவது வேறொன்று. எமிலி பிராண்டியின் மூல நாவலில், எங்கிருந்தோ வந்து சேர்ந்த கரிய நிறச் சிறுவனான நாயகன் ஹீத்கிளிஃபைப் பார்த்து அண்டை வீட்டுப் பெரிய மனிதர் ‘லஸ்கரோ’ என்று ஐயுறுகிறார். லஸ்கர் என்றால் அக்காலக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமி. படத்தில் அந்த வேற்றினத்தானாக வருபவர் ஆங்கிலேயரான ஒலிவியே. அவனை மணந்தால் தன் தகுதி தாழ்ந்துவிடும் என்று சொல்லிப் பக்கத்துப் பண்ணையின் வெள்ளைக்காரச் செல்வனை மணக்கும் கேத்தியாக வருபவரோ, பம்பாயில் பிறந்த குவீனி தாம்சன்.

கேள்வி: கடைசிவரை உண்மையை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லையா? – திருச்சி வாசகி

பதில்: பாதி உண்மையைச் சொன்னார். 1978-இல் ஹோபர்ட் நகர மேயர், ‘ஊர் பெற்ற மகள்’ என்று அவருக்கு வரவேற்பு நடத்தினார். அவர் அங்கே பிறந்ததற்குச் சான்று ஏதும் இல்லை என்பது சற்று முன்புதான் மேயருக்குத் தெரியவந்தது. ஆனாலும் ஏற்பாடு செய்த விழாவை நிறுத்த மனமில்லை. வந்த மெர்ல், தான் டாஸ்மேனியாவில் பிறக்கவில்லை என்று சொல்லி எல்லோரையும் திகைக்கவைத்தார். பிறகு உடல்நலமில்லை என்று கூறிப் பாதியிலேயே புறப்பட்டுவிட்டார். எங்கே பிறந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 23 அன்று கலிபோர்னியாவின் மாலிபுவில் பக்கவாதத்தால் இறந்தார், வயது 68. அதன் பிறகு, 1983-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல்தான் பம்பாய், கல்கத்தா கதைகளைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்க்கலாம்? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: பலரும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்பார்கள், கிரெக் டோலண்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ஒளிப்பதிவுக்காக அதைப் பார்ப்பது நியாயமே. எம்மைக் கேட்டால் ‘தி டார்க் ஏஞ்சல்’ என்போம். போரில் பார்வையிழந்த காதலன் ஒருவன் தான் உயிரோடிருப்பதையே மறைத்து, வேறு பெயரில், தனி வீட்டில் வாழ்கிறான். காதலி தன்னைத் தேடி வருகிறாள் என்று தெரிந்ததும், நாற்காலி எங்கே, மேசை எங்கே என்று அடிகளை எண்ணி மனப்பாடம் செய்துகொண்டு, கண் தெரிந்தவனைப்போல் அவள் முன்னால் நடமாடிக் காட்டுகிறான். அந்தக் காட்சியில் நடிப்பு வேலை முழுவதும் பிரெட்ரிக் மார்ச்சுக்குத்தான். எதிரே இருக்கும் மெர்லுக்கு அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அதிக வேலையில்லை. அந்த முகத்தைக் கவனியுங்கள்.